ஸ்பீட் டெஸ்டில் 97, ஆபீஸில் நெட்டு நிற்கிறது: இதை எப்படி நிரூபிப்பது?

3 பிப்ரவரி 2025, மாலை 6:15
கப்பலூர் வாசகர் கேட்டது:

கப்பலூர் தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு பேக்கிங் யூனிட் வைத்திருக்கிறேன். 100 எம்பிபிஎஸ் பைபர் லைன். தினமும் காலை 11 மணிக்கு மேல் ஆபீஸில் நெட்டு இழுக்கிறது. ஈ-வே பில் போட உட்கார்ந்தால் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, லாரிக்காரர் வாசலில் நின்று ஹாரன் அடிக்கிறார். புகார் சொன்னால் லைன்மேன் வருகிறார், தன் லேப்டாப்பை மோடத்தில் செருகி ஸ்பீட் டெஸ்ட் போட்டு 97 என்று காட்டுகிறார், கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். ஸ்பீட் டெஸ்ட் ஓடும்போது மட்டும் திறந்துவிட்டு மற்ற நேரம் அடைத்து வைக்கிறார்கள் என்பது என் சந்தேகம். இதை எப்படி நிரூபிப்பது?

3 பிப்ரவரி, இரவு 10:40

அண்ணே, நானும் அதே கடுப்பில் இருப்பவன், அதனால் எழுதுகிறேன். தெற்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்யும் கடை எனக்கு. ஐந்து சிஸ்டம், நாலு பையன்கள். முன்பெல்லாம் போட்டோகிராபர்கள் ஹார்டு டிஸ்க்கைக் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள், இப்போது டிரைவ் லிங்க் அனுப்புகிறார்கள். முடித்த ஆல்பத்தை நாங்கள் லேபுக்கு ஏற்ற வேண்டும். 12க்கு 36 ஷீட் ஒன்று 20 எம்பி வரும், 40 ஷீட் என்றால் 800 எம்பி. அப்லோடு 20 எம்பிபிஎஸ் ஒழுங்காகக் கிடைத்தால் ஐந்தரை நிமிடத்தில் ஏறிவிடும். 2க்கு விழுந்தால் 53 நிமிடம். லேபில் சாயங்காலம் ஆறு மணிக்கு மெஷினில் போட்டுவிடுவார்கள், ஆறு தாண்டினால் மறுநாள்தான். பெண் வீட்டுக்காரர் போன் பண்ணித் திட்டுவது என்னைத்தான், லைன்மேனை இல்லை.

உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். டெஸ்டுக்கு மட்டும் திறந்துவிடுகிறார்கள் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் ஸ்பீட் டெஸ்ட் எப்போதும் நல்ல முகத்தைத்தான் காட்டும், அதற்குத் தனியாக ஏமாற்ற வேண்டியதில்லை. அது பக்கத்தில் இருக்கும் சர்வரைத் தானே தேடிப் பிடிக்கும், பல சமயம் அது உங்களுக்கு லைன் கொடுத்த நெட் கம்பெனியின் சொந்த நெட்வொர்க்குக்குள்ளேயே இருக்கும். ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து பத்துப் பதினைந்து நொடி முட்டித் தள்ளிவிட்டு எண்ணைச் சொல்லும். பழைய வண்டி வாங்கும்போது தெருமுனை வரை ஓட்டிப் பார்த்து “நல்லா ஓடுது” என்று சொல்கிற மாதிரி. பைபாஸில் ஏறினால்தானே தெரியும்.

ஆகவே ஒரு தடவை போட்டுப் பார்ப்பது வீண். நாள் முழுக்க, வாரம் முழுக்கத் தானாக எழுதிக்கொண்டே இருக்கும் பதிவு வேண்டும். நான் தீபாவளியிலிருந்து வைத்திருக்கிறேன். ஒரு பழைய ராஸ்பெர்ரி பை (உள்ளங்கை அளவுக் குட்டிக் கணினி, இனி சுருக்கமாகப் பை), அதில் ஸ்பீட் டெஸ்டின் கட்டளை வடிவம், முடிவுகள் ஒரு சிஎஸ்வி கோப்பில் வரிசையாக விழும். என் பிளான் கீழே இறக்க 200, மேலே ஏற்ற 20 எம்பிபிஎஸ். மூன்று மாதத்தில் ஒருநாள் கூட 94க்கு மேல் வந்ததில்லை! அத்தனையும் பதிவாகி இருக்கிறது. போன வாரம் அதை அச்செடுத்துக்கொண்டு கம்பெனி ஆபீஸுக்கே போய் மேஜையில் போட்டேன். ஆள் வந்து அவர் லேப்டாப்பில் 196 காட்டுகிறார். நான் விடுவதாக இல்லை.

4 பிப்ரவரி, காலை 7:05

ராத்திரி சொல்ல விட்டுப்போனது, இதுதான் முக்கியம். வேகத்தை விட முதலில் பிங் பாருங்கள், அதாவது ஒரு சின்னத் தகவலை அனுப்பி, பதில் வருகிறதா, வர எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று பார்ப்பது. அதுவும் ஒரு இடத்துக்கு இல்லை, மூன்று இடத்துக்கு.

முதலாவது உங்கள் ரூட்டர். பெரும்பாலும் 192.168.1.1. இரண்டாவது கம்பெனியின் முதல் படி: விண்டோஸில் டிரேசர்ட் கட்டளை கொடுத்தால் ரூட்டருக்கு அடுத்த வரியில் வரும் எண். மூன்றாவது வெளியே, கூகுளின் 8.8.8.8 அல்லது கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 ஏதாவது ஒன்று. மூன்றுக்கும் நிமிடத்துக்கு ஒரு பிங், நாள் முழுக்க. 11 மணிக்கு இழுக்கும்போது ரூட்டர் பிங்கே தடுமாறினால் கோளாறு உங்கள் கட்டடத்துக்குள். ரூட்டர் சரி, இரண்டாவது தடுமாறுகிறது என்றால் உங்கள் வாசலிலிருந்து கம்பெனி வரைக்கும் உள்ள லைன். இரண்டும் சரி, மூன்றாவது மட்டும் என்றால் கம்பெனிக்கு அப்பால், அல்லது கம்பெனி வெளியே போகும் குழாய் நெரிசல். யார் கழுத்தைப் பிடிப்பது என்று தெரிந்துகொண்டு பிடிக்கலாம்.

மதுரையிலிருந்து சென்னை சர்வருக்கு எனக்கு 12 மில்லிசெகண்ட் வருகிறது. சாலைக் கணக்கில் ஏறக்குறைய 460 கிலோமீட்டர், கண்ணாடி நாருக்குள் வெளிச்சம் நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் போகும், போய்வர 4.6 மில்லிசெகண்ட் எப்படியும் ஆகும். மீதி, வழியில் உள்ள பெட்டிகளும் சுற்றுவழியும். ஒரு வாரம் திடீரென்று 38 ஆனது, பார்த்தால் பாதை மும்பை போய்த் திரும்பி வந்தது. வேகம் அப்படியேதான் இருந்தது. திருமங்கலம் போக விருதுநகர் போய்த் திரும்பின கதை.

4 பிப்ரவரி, பகல் 1:30

காலையில் எழுதியதில் ஒரு திருத்தம். இரண்டாவது படி சில கம்பெனிகளில் பிங்குக்குப் பதிலே சொல்லாது, அடுத்த வரியில் உள்ளதை எடுங்கள். அதே போல நடுவில் உள்ள ஒரு பெட்டி மட்டும் பதில் விட்டுவிட்டுச் சொல்லி, அதற்கு அப்பால் உள்ள 8.8.8.8 ஒழுங்காகச் சொன்னால் அது கோளாறு இல்லை. அந்தப் பெட்டிக்குப் பிங்குக்குப் பதில் சொல்வது கடைசி வேலை, அவ்வளவுதான்.

இன்னொருவர் 100 பிளானில் டவுன்லோடு 11, 12 என்றே காட்டுகிறது, ஏமாற்றுகிறார்கள் என்று எழுதியிருந்தார். பிளானில் இருப்பது பிட், டவுன்லோடு ஜன்னலில் இருப்பது பைட். எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை. உங்களுக்கு முழுசாக வருகிறது, சந்தோஷமாக இருங்கள்.

9 பிப்ரவரி, இரவு 9:20

எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை ஸ்பீட் டெஸ்ட் போடலாம் என்று கேட்டிருந்தீர்கள். நான் செய்ததைச் செய்யாதீர்கள்.

நவம்பரில் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று வைத்தேன். எவ்வளவு அடிக்கடி பார்க்கிறோமோ அவ்வளவு நல்லது என்று நினைப்பு. 94 வேகத்தில் பத்து நொடி இறக்கினாலே 118 எம்பி, ஏற்றுவதற்கு 25 எம்பி. ஒரு நாளுக்கு 288 சோதனை, 41 ஜிபி. மாதக் கணக்கில் 1200 ஜிபிக்கு மேல். என் பிளானின் மாத வரம்பு 1500. நவம்பர் 23ஆம் தேதி மத்தியானம் வேகம் 2க்கு விழுந்தது. நான் கொதித்துப் போய்ப் பதிவைப் படம் பிடித்து அனுப்பினேன், “பாருங்கள் உங்கள் லட்சணத்தை” என்று. வரம்பு தாண்டிவிட்டீர்கள் சார் என்று ஒரே வரியில் பதில். வரம்பைத் தின்றதே அந்தப் பதிவுதான் என்று எனக்குப் புரிய இரண்டு நாள் ஆனது. 2023 ஜனவரியில்தான் பிராட்பேண்ட் என்பதற்குக் குறைந்தபட்சம் 2 எம்பிபிஎஸ் என்று மாற்றினார்கள், அதற்கு முன்னால் 512 கேபிபிஎஸ்தான். அந்தக் கணக்குப்படி அப்போதும் எனக்குக் கிடைத்தது பிராட்பேண்ட்தான், கோபப்பட ஒன்றுமில்லை.

இப்போது பிங் நிமிடத்துக்கு ஒன்று, அதற்குச் செலவே கிடையாது. ஸ்பீட் டெஸ்ட் ஒரு நாளைக்கு ஆறு: விடிகாலை 5, காலை 10:30, மத்தியானம் 1, 4, மாலை 5:30, இரவு 9. விடிகாலை 5 மணி எதற்கு என்றால், ஊரே தூங்கும்போது என் லைனால் எவ்வளவு முடியும் என்று தெரிய வேண்டும், மற்ற நேரத்தை அதோடு ஒப்பிடத்தான். சர்வரையும் ஒன்றே ஒன்றாக நிலைநிறுத்தி வையுங்கள். தானாகத் தேட விட்டால் இன்று ஒன்று நாளை ஒன்று பிடிக்கும், ஒப்பிடவே முடியாது.

16 பிப்ரவரி, காலை 11:50

3ஆம் தேதி ராத்திரி நான் எழுதியதில் கடைசிப் பத்தியைப் படிக்காதீர்கள்.

“அண்ணா, உங்க பை எந்த மாடல்?” என்று ஒரு கல்லூரித் தம்பி கேட்டிருந்தான். மாடல் 3 என்றேன். அதன் கேபிள் துளை 100 எம்பிபிஎஸ்தான் தாங்கும் என்றான். அந்த 100இல், தகவலோடு ஒட்டிப் போகும் முகவரிச் சீட்டுகளின் செலவெல்லாம் போகக் கைக்கு வருவது 94, 95. மூன்று மாதமாக என் பதிவில் 94, 94, 94 என்று கோடு போட்ட மாதிரி நின்றதே, நெரிசல் என்றால் ஏறி இறங்கியிருக்கும், ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் ஏதோ ஒரு கூரை இடிக்கிறது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. லைன்மேன் காட்டிய 196 உண்மை. நேற்று டிசைன் சிஸ்டத்திலிருந்து நேராகக் கேபிள் போட்டுப் பார்த்தேன், 193.

உங்கள் பதிவிலும் 94 என்று அசையாமல் நின்றால் கம்பெனியைத் திட்டுவதற்கு முன் கேபிளைப் பாருங்கள். 100க்கு நாலு ஜோடிக் கம்பியில் இரண்டு ஜோடி போதும், 1000க்கு நாலும் வேண்டும். எலி ஒரு ஜோடியைக் கடித்திருந்தால் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். எங்கள் சந்தில் எலிக்குப் பஞ்சமே இல்லை, இருந்தாலும் இந்தத் தடவை எலி நிரபராதி.

அச்செடுத்துப் போய் மேஜையில் போட்டேனே, அந்த ஆபீஸுக்கு நேற்றுப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பெண் சிரிக்காமல் “பரவாயில்ல சார்” என்றார். சிரித்திருக்கலாம்.

இனிமேல் ஸ்பீட் டெஸ்டுக்குத் திரை உடைந்த பழைய லேப்டாப் ஒன்று. பை பிங் மட்டும் பார்க்கும்.

21 பிப்ரவரி, காலை 8:00

நேற்று 20ஆம் தேதி, மதியத்திலிருந்து ஏழெட்டுப் பேர் “நெட்டு செத்துப்போச்சு” என்று எழுதியிருக்கிறீர்கள். என் பதிவில் நேற்று முழுக்க மூன்று பிங்கும் நிலையாக இருக்கிறது. 20ஆம் தேதி ஜிஎஸ்டி 3பி என்ற மாதக் கணக்கை ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றக் கடைசி நாள், கடைசி நாளில் ஊரெல்லாம் ஒரே வாசலில் நின்றால் எந்த வாசலும் நெரியும். என் ஆடிட்டர் 17ஆம் தேதியே முடித்துவிடுவார், அதனால்தான் அவருக்கு முடி கொட்டவில்லை.

6 மார்ச், இரவு 11:15

என் கடையில் காலை 10:10லிருந்து 10:45 வரை தினமும் ஒரு சரிவு இருக்கிறது என்று ஜனவரியிலேயே கவனித்தேன். ஞாயிறு மட்டும் இல்லை. கம்பெனியின் காலை நேர நெரிசல் என்று முடிவு கட்டி வைத்திருந்தேன். 94 கதைக்குப் பிறகு என் முடிவுகள் மேலேயே எனக்கு நம்பிக்கை போய்விட்டதால் இந்த வாரம் நிதானமாகப் பார்த்தேன். ரூட்டர் பிங் 1 மில்லிசெகண்ட், சரி. இரண்டாவது படி, வழக்கமாக 4 வருவது, 600 வரை போகிறது. டவுன்லோடு கூடப் பெரிதாகக் குறையவில்லை, ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் யோசித்து யோசித்து வருகிறது. அப்லோடு மட்டும் முழுக்க நிரம்பி நிற்கிறது.

பையன்கள் 10 மணிக்கு உள்ளே வருகிறார்கள். வந்ததும் போன்கள் கடை வைஃபையைப் பிடிக்கின்றன. பிடித்ததும் முந்தின நாள் எடுத்த போட்டோ, வீடியோ எல்லாம் தானாக மேலே ஏற ஆரம்பிக்கிறது. நாலு போன், முக்கால் மணி நேரம். அதில் ஒருவன் வாடிப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் வீடியோ எடுக்கிறவன்.

அப்லோடு நிரம்பினால் டவுன்லோடு ஏன் இழுக்க வேண்டும் என்று எனக்கே முதலில் விளங்கவில்லை. ஒரு பக்கத்தைத் திறக்க வேண்டும் என்றால் முதலில் “கொடு” என்று ஒரு சின்னச் சீட்டு மேலே போக வேண்டும். விளக்குத்தூண் பக்கத்துச் சந்தில் ஜவுளி மூட்டை ஏற்றிய தள்ளுவண்டிகள் வரிசையாக நிற்கும்போது பின்னால் சைக்கிளில் ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு ஒருவன் வந்தால் என்ன ஆகும்? கடிதம் கனமே இல்லை, ஆனாலும் மூட்டைகளுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். ரூட்டர்கள் தேவைக்கு மேல் நீளமான வரிசையைச் சேர்த்து வைத்துக்கொள்வதால் வரும் வியாதி இது, பஃபர்ப்ளோட் என்று பெயர்.

வைத்தியம் சுலபம். போன்களுக்குத் தனி விருந்தினர் வைஃபை வைத்து அதன் அப்லோடை 3க்குக் கட்டினேன். டிசைன் சிஸ்டங்களில் டிரைவ் செயலியின் அமைப்பிலேயே அப்லோடு உச்சவரம்பு போட இடம் இருக்கிறது, 20இல் 16க்கு மேல் போகாதபடி கட்டினேன். ஆல்பம் ஏற ஐந்தரை நிமிடத்துக்குப் பதில் ஏழு நிமிடம் ஆகிறது. ஆனால் அந்த ஏழு நிமிடமும் மற்ற நாலு பேரும் வேலை பார்க்கலாம். சமீபத்திய ரூட்டர்களில் இதை அதுவே பார்த்துக்கொள்ளும் வசதி உண்டு. என்னுடையது அவ்வளவு சமீபத்தியது இல்லை.

19 மார்ச், மாலை 4:40

பதிவை வைத்துக்கொண்டு மாத சராசரி போட்டு அனுப்பாதீர்கள். வைகையில் வருஷத்துக்குச் சராசரி போட்டால் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் ஓடுகிற மாதிரிதான் வரும், ஏவி பாலத்தில் நின்று பார்த்தால்தானே நிலவரம் தெரியும். எத்தனை நாள், எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம் மோசம் என்று எண்ணி எழுதுங்கள். “மார்ச் 3 முதல் 15 வரை 9 நாள் இரவு 8க்கும் 10க்கும் இடையில் 40க்குக் கீழே” என்று எழுதினால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்கார்வார்.

2 ஏப்ரல், காலை 6:30

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நேற்று. சாயங்காலம் கரண்ட் வந்து பதிவைப் பார்த்தால் நேரம் பின்னோக்கிப் போயிருக்கிறது, 9:05க்குப் பிறகு மறுபடி 9:05. ராஸ்பெர்ரி பையில் 3, 4 மாடல்களில் கடிகார பேட்டரி கிடையாது, நெட்டு வந்து நேரம் கேட்டு வாங்கும் வரை அது அணைந்த நேரத்திலிருந்தே எண்ணிக்கொண்டு போகும். கரண்ட் போனதையும் நெட்டு போனதையும் பிரித்துப் பார்க்கவும் வழி வேண்டும். 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கி மோடத்துக்கு வைத்தேன், பையை டிசைன் சிஸ்டத்தின் யுபிஎஸ்ஸில் செருகினேன். கப்பலூர் அண்ணன் சத்தத்தையே காணோம், பதிவு எடுக்கிறீர்களா இல்லையா?

11 மே, இரவு 10:05

வெள்ளிக்கிழமை 9ஆம் தேதி தேரோட்டம். மாசி வீதிகளில் தேர் வரும் என்றால் குறுக்கே போகும் கம்பிகளையெல்லாம் முன்கூட்டியே இறக்கிவிடுவார்கள், இது ஒன்றும் புதிதல்ல. எங்கள் பைபரும் வீதியைக் குறுக்கே கடந்துதான் வருகிறது. 8ஆம் தேதி இரவு 9:40க்குப் போனது, 10ஆம் தேதி காலை 11:22க்கு வந்தது. பதிவில் 37 மணி 42 நிமிடம் வெள்ளையாக இருக்கிறது.

எனக்கு இன்னொரு கம்பெனி லைனும் உண்டு, போன வருஷம் “ஒன்று போனால் ஒன்று இருக்கட்டும்” என்று மாதம் 500 ரூபாய்க்கு எடுத்தது. அதுவும் 9:52க்குப் போனது. மேலே நிமிர்ந்து பார்த்தேன், இரண்டும் ஒரே கம்பத்திலிருந்து ஒரே கொக்கியில் தொங்கி வந்திருக்கின்றன. இரண்டு கம்பெனி, ஒரே கம்பம். சரி, செல்போன் ஹாட்ஸ்பாட் போட்டு ஒரு அவசர ஆல்பத்தை ஏற்றலாம் என்றால், வீதி முழுக்க ஜனம், ஒவ்வொரு கையிலும் ஒரு போன், ஒவ்வொரு போனும் மேலே வீடியோ ஏற்றிக்கொண்டிருக்கிறது. ஐந்து கோடு சிக்னல், ஒரு எம்பி கூட நகரவில்லை. பென் டிரைவில் போட்டுக்கொண்டு டிவிஎஸ் நகரில் இருக்கும் மச்சான் வீட்டுக்கு நடந்தும் ஆட்டோவிலுமாகப் போய் ஏற்றினேன். போகிற வழியில் தேரையும் பார்த்துவிட்டேன், கடைக்குள் உட்கார்ந்திருந்தால் பார்த்திருக்க மாட்டேன்.

நாளை அழகர் ஆற்றில் இறங்குகிறார், கடை லீவு.

20 மே, மாலை 5:15

தேருக்குப் பிறகு லைன் சரியில்லை. காலையில் நன்றாக இருக்கிறது, மத்தியானம் 1 மணிக்கு மேல் பிங் விட்டுவிட்டுப் போகிறது, சில நேரம் நூற்றுக்குப் பத்து காணாமல் போகிறது, 5 மணிக்கு மேல் தானாகச் சரியாகிறது. எட்டு நாளாக இப்படியே. ரூட்டர் பிங்கில் ஒன்றும் இல்லை. இரண்டாவது படியிலேயே விழுகிறது. இந்தத் தடவை என் பையன்கள் இல்லை, எலி இல்லை, பையும் இல்லை என்று மூன்று தடவை பார்த்துவிட்டேன்.

மோடத்தின் அமைப்புப் பக்கத்தைப் பிரவுசரில் திறந்தால் ஒளி அளவு என்று ஒரு எண் இருக்கும், மைனஸில், டிபிஎம் கணக்கில். பொதுவாக மைனஸ் 8க்கும் மைனஸ் 27க்கும் நடுவில் இருக்க வேண்டும். ஜனவரியில் எதற்கோ படம் எடுத்து வைத்திருந்தேன், அப்போது மைனஸ் 20.4. இன்று காலை மைனஸ் 26.5. மத்தியானம் 2:30க்கு மைனஸ் 27.8. மூன்று டிபி குறைந்தால் வெளிச்சம் பாதி, ஆறு குறைந்தால் கால்வாசி. அதாவது தேருக்கு முன் வந்த வெளிச்சத்தில் கால்வாசிகூட இப்போது வரவில்லை.

மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கள் என்கிறார்கள். பண்ணினேன். வெளிச்சம் கூடவில்லை.

28 மே, காலை 9:30

சரியாகிவிட்டது. எப்படி என்று எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

22ஆம் தேதி புகார் எண் வாங்கினேன். ஒரே பக்கத் தாள்: மேலே தேதி வாரியாக மத்தியான நேரங்கள், கீழே ஜனவரி ஒளி அளவும் மே ஒளி அளவும் பக்கத்தில் பக்கத்தில். வேகம் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. புகார் எண்ணில் தீராவிட்டால் அதே கம்பெனியிலேயே மேல்முறையீட்டு அதிகாரி என்று ஒருவர் இருந்தாக வேண்டும், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012 விதி அது. அதையும் வாய்விட்டுச் சொல்லி வைத்தேன். அது வரைக்கும் போக வேண்டி வரவில்லை. 26ஆம் தேதி வந்த லைன்மேன் தாளைப் பார்த்தார், “மைனஸ் இருபத்தேழா?” என்று கேட்டார், லேப்டாப்பைத் திறக்கவே இல்லை, நேராக மொட்டை மாடிக்கு ஏறினார். தேர் முடிந்து அவசரத்தில் மாட்டிய ஜாயின்ட் பாக்ஸ் தகரக் கூரை மேல் கிடக்கிறது, உள்ளே நாரைச் சுண்டுவிரல் அளவு வளையமாக மடக்கி அமுக்கி வைத்திருக்கிறார்கள். வெயிலில் தகரம் சுட்டால் உள்ளே இன்னும் இறுகும்போல, அது என் ஊகம், அவரும் தலையாட்டினார். புதிதாக ஸ்பிளைஸ் அடித்து, வளையத்தைப் பெரிதாக்கி, பாக்ஸைச் சுவரில் நிழலில் மாட்டினார். இப்போது மைனஸ் 20.9. நேற்று அக்னி நட்சத்திர வெயிலிலும் ஒரு பிங் விழவில்லை.

டீ வாங்கிக் கொடுத்தேன். எல்லோரும் ஸ்லோ ஸ்லோ என்றுதான் சொல்வார்கள், எங்கே போய்ப் பார்ப்பது என்று அலுத்துக்கொண்டார். பாவம், அவர் சொல்வதும் நியாயம்.

15 ஜூன், இரவு 8:45

கப்பலூர் அண்ணன் போன் பண்ணினார். மூன்று மாதமாகச் செய்யாமல் இருந்தவர், மே கதையைப் படித்துவிட்டு மூன்று பிங்கும் வைத்திருக்கிறார். இங்கே எழுதச் சொன்னால் “நீங்களே எழுதிடுங்க தம்பி, எனக்கு வெட்கமா இருக்கு” என்கிறார். அவர் அனுமதியோடு:

11 மணிக்கு மேல் விழுவது ரூட்டர் பிங். வெளியே உள்ளது அதனால்தான் விழுகிறது. மோடம் வாசல் பக்க அறையில், ஆபீஸ் பின்னால். நடுவில் 40 மீட்டர் கேபிள், ஷெட்டுக்குள் சீலிங் மெஷினின் த்ரீ பேஸ் ஒயரோடு ஒட்டி ஒரே டேக்கில் கட்டி இழுத்திருக்கிறார்கள், பாதி வழியில் ஒட்டுப் போட்டு டேப் சுற்றியிருக்கிறது. காலையில் லோடு இறக்கி அடுக்கி முடித்து மெஷினை ஓட்டுவதே 11 மணிக்குத்தான். மெஷினை நிறுத்தினால் பிங் சரியாகிறது, ஓட்டினால் விழுகிறது, நாலு தடவை செய்து பார்த்திருக்கிறார். லைன்மேன் மோடத்திலேயே செருகிப் பார்த்ததால் அவருக்கு 97 வந்தது. அது சரியான 97தான்.

இப்போது ஒட்டு இல்லாத புதுக் கேபிள், எதிர்ச் சுவர் வழியாக. செலவு 2000 ரூபாய்க்குள் முடிந்ததாம். பிப்ரவரியில் கேள்வியில் எழுதிய அந்தச் சந்தேக வரியை எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். என் 94 பத்தி இருக்கும் வரை அதுவும் இருக்கட்டும் அண்ணே.

13 ஜூலை, மத்தியானம் 2:20

இரவு 8லிருந்து 10 வரை குறைவது பற்றி மறுபடி கேட்கிறார்கள். அது எனக்கும் உண்டு, அதை நான் விட்டுவிட்டேன். பைபரில் ஒரு ஜிபான் லைன் என்பது கீழே 2.488 ஜிபிபிஎஸ், அதை 32 அல்லது 64 வீட்டுக்குப் பிரிக்கிறார்கள். 64 பேரும் ஆளுக்கு 100 வேண்டும் என்று ஒரே நொடியில் கேட்டால் 6.4 ஜிபிபிஎஸ் வேண்டும். எல்லோரும் ஒன்றாகக் கேட்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் மொத்த வியாபாரமும் ஓடுகிறது. டிராய் 2009இல் சொன்ன வழிகாட்டலிலேயே வீட்டு லைனுக்கு ஒன்றுக்கு 50, வியாபார லைனுக்கு ஒன்றுக்கு 30 வரை பகிரலாம் என்று இருந்தது. பகிராத லைன் வேண்டும் என்றால் லீஸ்டு லைன், அதன் விலையைக் கேட்டுவிட்டு நான் பேசாமல் வந்துவிட்டேன். கடையை 8 மணிக்கு மூடுகிறேன், 8லிருந்து 10 வரை ஊர் சீரியல் பார்க்கட்டும்.

இரண்டாவது லைனை நிறுத்திவிட்டேன். அதற்குப் பதில் வேறு கம்பெனியின் சிம் போட்ட 5ஜி ரூட்டர். தேர் அன்று அதுவும் வேலை செய்யாது என்று தெரியும். வருஷத்துக்கு ஒரு நாள் மச்சான் வீடு இருக்கிறது.

3 செப்டம்பர், இரவு 9:50

இன்று ஆகஸ்ட் கணக்கைப் பார்க்கலாம் என்று பையைத் திறந்தால் ஆகஸ்ட் 22க்குப் பிறகு ஒரு வரி கூட இல்லை. மெமரி கார்டு செத்துவிட்டது. நிமிடத்துக்கு மூன்று தடவை எழுதிக்கொண்டே இருந்தால் அதுதான் எத்தனை நாள் தாங்கும். ஜூலை வரைக்கும் வேறு இடத்தில் நகல் இருக்கிறது, 22க்குப் பிறகு போனது போனதுதான்.

12 நாளாகப் பதிவு நின்றதை நான் கவனிக்கவில்லை. ஆவணி முகூர்த்தக் கூட்டம், 31 ஆல்பம் ஏற்றியிருக்கிறோம், நெட்டைப் பற்றிக் கடையில் ஒருத்தன் வாயைத் திறக்கவில்லை. நாளை டவுன் ஹால் ரோட்டில் கார்டு வாங்கப் போகிறேன். இந்தத் தடவை நிமிடத்துக்கு ஒன்று வேண்டாம், மணிக்கு ஒரு தடவை சேர்த்து எழுதினால் போதும் என்று நினைக்கிறேன். அந்தக் கல்லூரித் தம்பி இருந்தால் எப்படி என்று சொல்லவும்.